குடல் ஜவ்வில் வீக்கம்: ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியவர்களுக்கு

ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் 'மெசென்டரிக் பானிகுலைட்டிஸ்' என்றோ 'ஸ்கிளிரோசிங் மெசென்டரைட்டிஸ்' என்றோ பார்த்துவிட்டுத்தான் இதைத் தேடிப் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். எட்டு வருடத்துக்கு முன்னால் அதே வரியைக் கரூர் பேருந்து நிலையத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். வாயில் நுழையவில்லை. டீ ஆறிப்போனது.

நான் மருத்துவர் இல்லை. ஜவுளி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். வவுச்சர் இல்லாமல் எந்தத் தொகையையும் ஏற்றுவதில்லை என்பது எங்கள் தொழிலின் பழக்கம். இந்த நோயிலும் அந்தப் பழக்கம்தான் எனக்குக் கைகொடுத்தது. பெரும்பாலான மருத்துவர்கள் இந்த நோயைத் தங்கள் காலத்தில் ஒன்றிரண்டு பேரிடம்தான் பார்த்திருப்பார்கள். ஆகவே உங்கள் வயிற்றின் கணக்குப் புத்தகத்தை நீங்கள்தான் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

அந்த ஜவ்வு எது?

வீட்டில் ஆட்டுக்குடல் வாங்கிச் சுத்தம் செய்து பார்த்தவர்களுக்கு எளிதாகப் புரியும். குடலை வளையம் வளையமாகச் சேர்த்துப் பிடித்தபடி, நடுவில் கொழுப்பு படிந்து ஒரு மெல்லிய ஜவ்வு வருமே, அதுதான் மெசென்டரி. நம் வயிற்றில் சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலை முதுகுப்பக்கச் சுவரோடு சேர்த்துக் கட்டியிருப்பது இதுதான். சுவரோடு ஒட்டும் வேர்ப்பகுதி ஒரு சாணுக்கும் குறைவு, சுமார் 15 செ.மீ. அங்கிருந்து பனையோலை விசிறி போல மடிப்பு மடிப்பாக விரிகிறது. குடலுக்குப் போகும் ரத்தக்குழாய், நிணநீர்க்குழாய், நரம்பு எல்லாமே இந்த விசிறி வழியாகத்தான் ஓடுகின்றன. பின்னால் அறுவை சிகிச்சை பற்றிச் சொல்லும்போது இது தேவைப்படும், மனதில் வையுங்கள்.

இந்த ஜவ்வில் இருக்கும் கொழுப்பு அழற்சி கண்டு வீங்குவதுதான் நோய். சிலருக்கு வீக்கத்தோடு நின்றுவிடும். சிலருக்குக் கொழுப்பு செத்து, அந்த இடத்தில் தழும்பு கட்டி, ஜவ்வு சுருங்கிக் குடலை இழுக்கத் தொடங்கும். 1924-இல் இத்தாலிய அறுவை மருத்துவர் யூரா இதை முதலில் எழுதினார். பிறகு வந்தவர்கள் வீக்கம் மேலோங்கியிருந்தால் ஒரு பெயர், கொழுப்புச் சாவு அதிகமென்றால் ஒரு பெயர், தழும்பு அதிகமென்றால் இன்னொரு பெயர் என்று வைத்தார்கள். 1997-இல் 84 பேருடைய திசுக்களை வரிசையாகப் பார்த்தபோது, மூன்றும் பெரும்பாலும் ஒரே நோயின் வெவ்வேறு முகங்கள்தான் என்று தெரிந்தது. ஆகவே உங்கள் இரண்டு ரிப்போர்ட்டுகளில் இரண்டு பெயர் இருந்தால் இரண்டு நோய் வந்துவிட்டதென்று பயப்பட வேண்டாம். பயந்தவன் சொல்கிறேன்.

எதனால் வருகிறது? தெளிவான காரணம் கிடையாது. முன்பு வயிற்றில் அறுவை நடந்தவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். உடலின் நோய் எதிர்ப்பு சக்தி தன்மேலேயே பாயும் வகை நோய்கள் சிலருக்குக் கூடவே இருக்கும். பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். பெண்களைவிட ஆண்கள் அதிகம். தொற்றாது. காரம் தின்றதாலோ ராத்திரி பரோட்டா சாப்பிட்டதாலோ வந்தது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு போய்விடுங்கள்.

முதல் வேலை: உங்களுக்கு நோய் இருக்கிறதா, ரிப்போர்ட் மட்டும் இருக்கிறதா?

இந்தக் கேள்வியைத் தாண்டாமல் வேறு எதற்கும் போகாதீர்கள். சிறுநீரகக் கல்லுக்காகவோ விபத்துக்குப் பிறகோ சி.டி. ஸ்கேன் எடுத்தவர்களிடம் இது தற்செயலாகக் கண்ணில் படுவதுண்டு. 7,620 பேருடைய சி.டி. ஸ்கேன்களைப் பரிசோதித்த ஓர் ஆய்வில் 49 பேரிடம் இந்த அடையாளம் இருந்தது. நூற்றுக்கு ஒருவர்கூட இல்லைதான். ஆனாலும் கேள்விப்படாத அளவுக்கு அபூர்வமும் இல்லை. அபூர்வம் என்பது இதனால் உண்மையிலேயே அவதிப்படுகிறவர்கள்தான்.

வலி இல்லை, எடை குறையவில்லை, வாந்தி பேதி இல்லை, ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்றால் பலருக்கும் மருந்தே கொடுக்க மாட்டார்கள். 'பார்த்துக்கொள்ளலாம்' என்பார்கள். அதைக் கேட்டு 'டாக்டர் அக்கறையில்லாமல் அனுப்பிவிட்டார்' என்று அடுத்த ஊருக்கு ஓடாதீர்கள். சும்மா இருப்பதும் இங்கே ஒரு சிகிச்சை.

தொந்தரவு இருப்பவர்களுக்கு முதலில் வருவது வயிற்று வலி. தொப்புளைச் சுற்றியோ சற்று மேலேயோ, சாப்பிட்ட பிறகு கூடும் வலி. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் 92 நோயாளிகளின் விவரத்தைத் தொகுத்து 2007-இல் வெளியிட்டார்கள். அதில் பத்துக்கு ஏழு பேருக்கு வலி இருந்தது. சுமார் கால் பங்குப் பேருக்கு வயிற்றுப்போக்கு, ஏறத்தாழ அதே அளவு பேருக்கு எடைக்குறைவு. சிலருக்குக் காய்ச்சல், வயிறு உப்புசம், அடிவயிற்றில் ஒரு கட்டி தட்டுப்படுவது.

நம் ஊரில் இதெல்லாம் முதலில் 'கேஸ்', அப்புறம் 'அல்சர்', அப்புறம் 'டென்ஷன்' என்று பெயர் மாறிக்கொண்டே போகும். எனக்குப் பதினான்கு மாதம் போனது. பெண்கள் என்றால் கர்ப்பப்பை என்று ஒரு சுற்று கூடுதலாக அலைய வேண்டியிருக்கும்.

இன்னொன்று. ஜவ்வில் வீக்கம் இருக்கிறது, உங்களுக்கு வலியும் இருக்கிறது என்பதால் அதுதான் இதற்குக் காரணம் என்று ஆகிவிடாது. பித்தப்பைக் கல், குடலிறக்கம், ஐ.பி.எஸ். என்ற குடல் எரிச்சல் தொந்தரவு என்று வேறு காரணம் பக்கத்திலேயே ஒளிந்திருக்கலாம். 'என் வலிக்கு இதுதான் காரணம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?' என்று மருத்துவரிடம் பணிவாக, ஆனால் கட்டாயமாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இரண்டாவது: ஸ்கேனைச் சிடியோடு வாங்குங்கள்

ஃபிலிமும் இரண்டு பக்க ரிப்போர்ட்டும் போதாது. படங்கள் முழுவதும் அடங்கிய சிடியையோ பென் டிரைவையோ கேட்டு வாங்குங்கள். ஸ்கேன் சென்டரில் பழைய படங்களை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது, ஆகவே அன்றைக்கே வாங்கிவிடுங்கள். அடுத்த ஸ்கேனில் 'முன்பைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா' என்று சொல்ல இந்தப் பழைய படம் வேண்டும். அது இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் முதல் முறைதான்.

ரிப்போர்ட்டில் கண்ணில் படும் சில சொற்கள்:

'மிஸ்டி மெசென்டரி' என்றால் ஜவ்வுக் கொழுப்பு கருப்பாகத் தெரிய வேண்டிய இடத்தில் மூட்டம் போட்டது போலச் சாம்பல் நிறமாகத் தெரிகிறது என்று பொருள். இது நோயின் பெயர் இல்லை, வெறும் தோற்றம். ஈரல் நோயில் நீர் கோத்தாலும், கணையம் வீங்கினாலும், நிணநீர்க் கட்டிகளில் புற்று வந்தாலும் இதே மூட்டம் வரும்.

'ஃபேட் ரிங்' அல்லது 'ஹேலோ' என்றால் ரத்தக்குழாயையும் நெறிக்கட்டியையும் (நிணநீர்க் கட்டி) சுற்றி மட்டும் நல்ல கொழுப்பு ஒரு வளையமாக மிஞ்சியிருக்கிறது. 'சூடோ கேப்சூல்' என்றால் வீங்கிய பகுதியைச் சுற்றி மெல்லிய கோடு போலக் கரை கட்டியிருக்கிறது. இந்த இரண்டும் இருந்தால் நம் நோயாக இருக்க வாய்ப்பு கூடுகிறது.

நெறிக்கட்டிகளின் அளவு. இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். குறுக்களவு 10 மி.மீ.க்கு மேல் இருந்தாலோ, வயிற்றின் வேறு இடங்களிலும் நெறி கட்டியிருந்தாலோ மருத்துவர் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். எழுதியிருக்கும் அளவைச் சிவப்புப் பேனாவால் கட்டம் போட்டு வையுங்கள்.

மூன்றாவது: வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்வது

இந்தக் கட்டத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள், நானும் பட்டேன். இந்த நோயைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை என்று எதுவும் இல்லை. மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துத்தான் இதற்கு வர வேண்டும். கழிக்க வேண்டியவற்றில் முக்கியமானவை லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று, சிறுகுடலில் வரும் கார்சினாய்டு கட்டி, ஐ.ஜி.ஜி.4 என்ற புரதம் சம்பந்தப்பட்ட நோய், அப்புறம் நம் நாட்டில் கட்டாயமாக, வயிற்றுக் காசநோய்.

காசநோயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வெளிநாட்டு மருத்துவக் கட்டுரைகளில் இதற்கு ஒரு வரிதான் இருக்கும். இங்கே வயிற்று வலி, எடைக்குறைவு, நெறிக்கட்டி மூன்றும் சேர்ந்து வந்தால் டி.பி. என்று நினைப்பதுதான் நியாயம். அந்த நினைப்பில் தவறில்லை. தவறு என்னவென்றால், திசு எடுத்துப் பார்க்காமலே ஆறு மாத மாத்திரையை ஆரம்பித்து, 'மாத்திரைக்குக் கேட்டால் டி.பி., கேட்காவிட்டால் வேறு' என்று பார்ப்பது. எனக்கு அப்படித்தான் ஆரம்பித்தார்கள், எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியமில்லை. இரண்டு மாதத்தில் சிறுநீர் ஆரஞ்சு நிறமானதுதான் மிச்சம், வலி அப்படியே இருந்தது. இதற்கு நேர்மாறான தவறு இன்னும் ஆபத்தானது: உள்ளே டி.பி. இருக்க, 'அழற்சி' என்று ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் கிருமிக்கு வாசல் திறந்துவிட்டது போல ஆகிவிடும். ஆகவே மார்பு எக்ஸ்ரே, மாண்டூ ஊசி அல்லது அதற்கான ரத்தப் பரிசோதனை, வயிற்றில் நீர் இருந்தால் அதில் ஏ.டி.ஏ. (டி.பி.யில் கூடும் ஒரு நொதி) அளவு, தேவைப்பட்டால் பெருங்குடல் என்டோஸ்கோப்பியில் எடுத்த திசு என இவை முடிந்த பிறகே அடுத்த அடி.

எல்லோருக்கும் பயாப்ஸி, அதாவது திசு எடுத்துப் பார்ப்பது, தேவையில்லை. ஸ்கேன் தோற்றம் தெளிவாக இருந்து, நெறி சிறியதாக இருந்து, தொந்தரவும் லேசாக இருந்தால் விட்டுவிடுவார்கள். கட்டியாகத் திரண்டிருந்தாலோ, எடை இறங்கிக்கொண்டே போனாலோ, பலமான மருந்து ஆரம்பிக்கப் போகிறார்கள் என்றாலோ எடுப்பதுதான் நல்லது. வெளியிலிருந்து ஊசி போட்டு எடுக்கலாம். ஊசியில் கிடைக்கும் துணுக்கு போதாமல் லேப்ராஸ்கோப்பியில் எடுக்க நேர்வதும் உண்டு. 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். எங்கள் வீட்டில் சொன்னது சித்தப்பா. அழற்சி அப்படிப் பரவுகிற சமாசாரம் இல்லை என்று அவருக்குப் புரியவைக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

பயாப்ஸி எடுத்தால் அந்தத் திசுக் கட்டையையும் கண்ணாடித் தகட்டையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். பெரிய ஊரில் இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவர் திரும்பப் பார்க்க விரும்பலாம்.

யாரிடம் போவது? பொது அறுவை மருத்துவரிடம் தொடங்கியிருந்தாலும், குடல் இரைப்பை மருத்துவர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற இடங்களில் இதற்கென்று தனித்துறை இருக்கிறது. வாத நோய் மருத்துவரின் யோசனையும் பலருக்கு உதவும், ஸ்டீராய்டும் அதைச் சார்ந்த மருந்துகளும் அவர்கள் தினமும் புழங்குகிறவை.

நான்காவது: மருந்து

'வெட்டி எடுத்துவிட்டால் தீர்ந்ததே' என்று தோன்றும். ஜவ்வு வழியாகத்தான் குடலின் ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன என்று முதலில் சொன்னேன் அல்லவா? அதை முழுதாக வெட்டினால் குடலும் போய்விடும். அதனால்தான் அறுவை சிகிச்சை குடல் அடைத்துக்கொண்டவர்களுக்கும், அது போன்ற சிக்கல் வந்தவர்களுக்கும் மட்டும். மற்றவர்களுக்கு மாத்திரைதான்.

அதிகம் பயன்படும் ஜோடி பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும் டாமாக்சிபெனும். மேயோ தொகுப்பில் இந்த ஜோடியை எடுத்துக்கொண்ட 20 பேரில் 12 பேருக்குக் குணம் தெரிந்தது. வழக்கமாகப் பிரட்னிசோலோனை நாளுக்கு 40 மி.கி. அளவில் தொடங்கி மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள். டாமாக்சிபென் 10 மி.கி. இரண்டு வேளை, அது நீண்ட நாள் தொடரும். உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்வார். இந்த எண்களைச் சொல்வது, சீட்டில் பார்க்கும்போது திடுக்கிடாமல் இருக்கத்தான்.

திடுக்கிடத்தான் செய்வீர்கள். டாமாக்சிபென் மார்பகப் புற்றுக்கான மாத்திரை என்று மருந்துக்கடைப் பையனுக்குத் தெரியும், 'அக்காவுக்கா சார்?' என்று கேட்பான். எனக்குத்தான் என்றால் உங்களை ஒரு மாதிரி பார்ப்பான். தழும்பு கட்டுவதை அடக்கும் குணம் அதற்கு இருப்பதால்தான் இங்கே பயன்படுகிறது. உங்களுக்குப் புற்று என்று மறைக்கிறார்கள் என்று வீட்டில் யாரும் அழத் தொடங்குமுன் இதைச் சொல்லிவிடுங்கள்.

டாமாக்சிபெனில் கவனிக்க வேண்டியது ரத்தக் கட்டி. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவமனை. முன்பு காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்கள் மருந்து தொடங்குமுன் சொல்லிவிட வேண்டும். சென்னைக்கு ராத்திரி பஸ்ஸில் போனால் நிறுத்துகிற இடத்திலெல்லாம் இறங்கி நாலு எட்டு நடக்கிறேன். பெண்கள் மாதவிலக்கில் மாறுதலையோ, நின்ற பிறகு உதிரப்போக்கையோ அலட்சியப்படுத்தக் கூடாது. இந்த மருந்து எடுக்கும்போது கருத்தரிக்கவும் கூடாது. மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள், குறிப்பாக பராக்சிடினும் ஃப்ளூவாக்சிடினும், டாமாக்சிபெனின் வேலையைக் குறைக்கும். மஞ்சளும் மிளகும் செறிவாகச் சேர்த்த மாத்திரைகளும் உடம்பில் அதன் அளவைக் குறைப்பதாக ஓர் ஆய்வு உண்டு. ரசத்தில் போடுகிற மிளகைப் பற்றிக் கவலை வேண்டாம். 'இயற்கை' என்று டப்பாவில் விற்பதைத்தான் சொல்கிறேன்.

ஸ்டீராய்டு என்றால் ஊரே பயமுறுத்தும். பயத்தைவிட முன்தயாரிப்பு பயன்படும். தொடங்குமுன் சர்க்கரை, ரத்த அழுத்தம், மஞ்சள் காமாலை பி வைரஸ், மேலே சொன்ன டி.பி. பரிசோதனை. வயலிலும் தோட்டத்திலும் வெறுங்காலோடு நடப்பவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: மண்ணிலிருந்து தோல் வழியாக ஏறும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற புழு குடலில் சத்தமில்லாமல் இருந்து, ஸ்டீராய்டு உள்ளே போனதும் பெருகி உயிருக்கே உலை வைக்கக்கூடும். புழு மருந்து முதலில் தேவையா என்று கேட்டுவிடுங்கள்.

மாத்திரையைக் காலையில் சாப்பிட்ட பிறகு போடுங்கள், ராத்திரி போட்டால் தூக்கம் போய்விடும். எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் சேர்த்துத் தருவார்கள். பசி பேயாகப் பிடிக்கும். முகம் உருண்டு வரும். கல்யாண வீட்டில் 'நல்லா சதை போட்டிருக்கீங்களே, என்ன ரகசியம்?' என்று கேட்பார்கள். நான் 'குடல் வீங்கியிருக்கு' என்று பதில் சொல்லிப் பார்த்தேன், பேச்சு அதோடு முடிந்துவிடும்.

மிக முக்கியமானது: சில வாரத்துக்கு மேல் எடுத்த ஸ்டீராய்டை நீங்களாக ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். உடம்பு தானாகச் சுரப்பதை அதற்குள் மறந்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் மயக்கம், ரத்த அழுத்தம் இறங்குவது, உயிராபத்துவரை போகும். வாந்தியால் மாத்திரை தங்கவில்லை என்றாலும் அதே ஆபத்துதான். ஊசியாகப் போட வேண்டியிருக்கும்.

இந்த ஜோடி ஒத்துவராதவர்களுக்கு கால்சிசின், அசத்தயோபிரின், இன்ஃப்ளிக்சிமாப் எனப் பட்டியல் நீள்கிறது. ஒவ்வொன்றிலும் பலனடைந்த சிலரும் அடையாத சிலரும் உண்டு. நோயாளிகள் குறைவு என்பதால் பெரிய ஒப்பீட்டு ஆய்வு நடப்பது கடினம், அதனால் இங்கே மருத்துவரின் அனுபவத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

கால்சிசினைப் பற்றி எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. அரவக்குறிச்சி வழியாகப் போனால் கம்பிப் பந்தலில் நெருப்பு போலப் பூத்துக் கிடக்கும் செங்காந்தளைப் பார்த்திருப்பீர்கள். நம் மாநிலப் பூ. கண்வலிக்கிழங்கு என்று விவசாயிகள் சொல்வது அதைத்தான். அதன் விதையை ஏற்றுமதிக்கு வாங்கிப் போவது இந்தக் கால்சிசினுக்காகவே. எனக்கு அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்ததைக் கேள்விப்பட்ட ஒருவர், 'காசு கொடுத்து மாத்திரை எதுக்கு, கிழங்கையே அரைச்சுக் குடிச்சா ஆச்சு' என்றார். அந்தக் கிழங்கு தின்று செத்தவர்கள் உண்டு. விளையாட்டுக்குக்கூட வேண்டாம். மாத்திரையிலேயே அளவு கொஞ்சம் கூடினால் பேதி பிடுங்கும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், கிளாரித்ரோமைசின் போன்ற சில கிருமிக்கொல்லிகளோடு சேர்த்து எடுப்பவர்களுக்கும் அது விஷமாகிவிடும்.

அப்படியே இன்னொன்றும். பெயர் தெரியாத பொடி, லேகியம் தந்து 'பத்தே நாளில் வலி போகும்' என்று சொல்லி, உண்மையிலேயே போனால் சந்தேகப்படுங்கள். சிலவற்றில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. வலிக்கு டைக்ளோஃபெனாக் வகை மாத்திரையை ஸ்டீராய்டோடு சேர்த்து நீங்களாக விழுங்கினால் இரைப்பையில் புண் வந்து ரத்தம் கசியலாம்.

சாப்பாடு

இந்த நோய்க்கென்று நிரூபிக்கப்பட்ட பத்தியம் கிடையாது. இருப்பதாகச் சொல்கிறவர்கள் எதையோ விற்கிறார்கள். ஆனால் நடைமுறையில் சில விஷயங்கள் பலருக்கும் ஒத்துப்போகின்றன: மூன்று வேளை நிறையச் சாப்பிடுவதைவிட ஐந்து வேளை கொஞ்சம் கொஞ்சமாக, எண்ணெய் குறைவாக, மெதுவாக மென்று. வலி கூடிய நாளில் இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம், மோர். குடல் சுருங்கியிருப்பதாக ஸ்கேனில் சொல்லியிருந்தால் நார் நாராக வருகிறவற்றைத் தள்ளி வையுங்கள்: வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத்தண்டு, பனங்கிழங்கு. 'நார்ச்சத்து நல்லது' என்ற பொது அறிவுரை அடைப்பு உள்ள குடலுக்குப் பொருந்தாது. பொங்கலுக்கு நான் கரும்பைக் கையில் பிடித்துப் போட்டோ மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சுருக்கம் இல்லாதவர்களுக்கு இந்தத் தடை எதுவும் தேவையில்லை. வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில், ஒரே தராசில் எடை பார்த்துத் தேதியோடு எழுதுங்கள். ஸ்டீராய்டு எடுக்கும்போது எடை கூடுவதால் நோய் குணமாகிவிட்டது என்று ஏமாறவும் கூடாது.

எப்போது ஓட வேண்டும்

வயிறு உப்பி, வாயு பிரியாமல், மலமும் போகாமல், பச்சையாக வாந்தி எடுத்தால் அது குடல் அடைப்பு. சுக்குக் கஷாயம் போட்டுப் பார்க்கும் நேரம் இல்லை, 108-ஐக் கூப்பிடுங்கள். பேதி மருந்து சாப்பிட்டு அடைப்பை எடுக்கப் பார்க்கவே கூடாது. வழக்கமான வலியைப் போல இல்லாமல் தாங்க முடியாத வலி திடீரென்று வந்தாலும், மலம் தார் போலக் கறுத்தாலும், காய்ச்சலோடு வயிறு கல்லாக இறுகினாலும் அதேதான். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு வயிற்றுக்குள் பெரிய சிக்கல் நடக்கும்போதுகூடக் காய்ச்சலும் வலியும் அடங்கியே தெரியலாம். ஆகவே 'லேசாகத்தானே இருக்கிறது' என்று காத்திருக்க வேண்டாம்.

மறு ஸ்கேன் எப்போது என்பது ஆளுக்கு ஆள் மாறும். தொந்தரவு இல்லாதவர் பதற்றத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சி.டி. எடுத்தால் கதிர்வீச்சும் செலவும்தான் மிச்சம். சிலருக்கு எம்.ஆர்.ஐ. போதும். ஒவ்வொரு முறை எடுக்கச் சொல்லும்போதும் 'இதன் முடிவைப் பொறுத்து மருந்தில் என்ன மாறும்?' என்று கேளுங்கள். எதுவும் மாறாது என்றால் தள்ளிப்போட முடியுமா என்று அடுத்த கேள்வி.

காசு

நல்ல செய்தி, பிரட்னிசோலோனும் டாமாக்சிபெனும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மலிவான மருந்துகள். மக்கள் மருந்தகத்திலும் 2025-இல் திறந்த முதல்வர் மருந்தகத்திலும் விசாரியுங்கள். செலவு வைப்பது ஸ்கேனும் அலைச்சலும்தான். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆனால் அது பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கு, மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு இல்லை. தனியார் பாலிசி புதிதாக எடுப்பவர்கள் நோயை மறைக்காதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 விதிப்படி அதிகபட்சம் 36 மாதம்தான். மறைத்து எடுத்த பாலிசி, தேவைப்படும் நாளில் வெறும் காகிதம்.

ஒரு பக்கத் தாள்

கடைசியாக, ஆனால் இன்றைக்கே செய்ய வேண்டியது. புதிய மருத்துவரிடமோ ராத்திரி அவசரப் பிரிவிலோ பெட்டி நிறைய ஃபைலைக் கொட்டினால் யாருக்கும் படிக்க நேரம் இருக்காது. ஒரே பக்கத்தில் எழுதுங்கள். மேலே நோயின் பெயர் ஆங்கிலத்தில், பிழையில்லாமல், கூடவே 'இது அபூர்வ நோய், என் மருத்துவரைக் கூப்பிடவும்' என்று அவர் எண்ணோடு. அடுத்து எப்படி உறுதியானது: ஸ்கேன் தேதி, பயாப்ஸி தேதி, டி.பி. இல்லை என்று காட்டிய பரிசோதனைகள். அதன்பின் இப்போது எடுக்கும் மருந்து, அளவு, தொடங்கிய தேதி; முன்பு எடுத்து ஒத்துவராதவை, ஏன் நிறுத்தினார்கள். ஸ்டீராய்டு எடுத்தால் அதை மட்டும் பெரிய எழுத்தில், 'திடீரென்று நிறுத்தக் கூடாது' என்று. ஒவ்வாமை, ரத்த வகை, முந்தைய அறுவைகள்.

மருந்து மாறும்போதெல்லாம் புதுத் தாள் எழுதித் தேதி போடுங்கள், பழையதைக் கிழிக்காமல் ஃபைலின் அடியில் வையுங்கள். ஒரு பிரதி பர்ஸில், ஒன்று அலுவலக மேஜை டிராயரில். போட்டோ எடுத்து என் மனைவியின் போனிலும் போட்டு வைத்திருக்கிறேன், என் போன் பூட்டியிருந்தால் யாராலும் திறக்க முடியாதே.